முரல்துறைக் காற்று

மாசி 17, திங்கள்

பாதிரியார் ஜெர்வாசியு ஓரம் நைந்த வெள்ளைக் கடுதாசிக் கட்டு ஒன்றை எனக்குத் தந்தார். கோட்டைக்கு உதவாதது, எனக்கு உதவும் என்றார். நானும் கோட்டைக்குப் பெரிதாக உதவாதவன்தான் என்பதால் இருவருக்கும் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுதத் தொடங்குமுன் எதை எழுதப்போகிறோம் என்று வகுத்துக்கொள்ள வேண்டும். சிறுவயதில் கோவா மடத்துப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். ஆகவே:

1. வடக்கிலிருந்து போர்க்கப்பல்கள் வருகின்றன என்ற செய்தியும், அதில் எவ்வளவு நம்பலாம் என்பதும்.

2. துறைமுக வாயை அடைக்கக் கோட்டைத் தலைவரான கப்பித்தான் செய்திருக்கும் சங்கிலி.

3. முரல்துறைக் காற்று. விடியலில் இங்கே கரைக்காற்று தாமதமாகத்தான் நிலைகொள்கிறது. ஒவ்வொரு வருடமும் முத்துக்குளிப்பின் முதல் நாள், மற்றத் தோணிகள் எல்லாம் போனபிறகும் என் மைத்துனர் தொம்மந்திரையின் தோணி மட்டும் வெகுநேரம் கரையில் நிற்பதே இதற்குச் சான்று. அவரைப்போல் காற்றைக் கணிப்பவர் இந்தத் துறையில் இல்லை.

4. என் உடல்நிலை.

நான் கஸ்பார் கொரேரா. இந்தக் கோட்டையின் துபாசி. அவர்கள் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை. கொஞ்சம் மென்மையாக மாற்றிச் சொல்வேன். அதனால்தான் இத்தனை காலம் கோட்டையில் சண்டை வரவில்லை என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

மாசி 18, செவ்வாய்

சங்கிலியைப் பார்த்தேன். கோட்டைக் கொத்தளத்திலிருந்து வாயின் எதிர்ப்புறமுள்ள கோழிப்பாறை வரை போகிறது. பாறையடியில், தண்ணீருக்குள், ஓர் இரும்பு வளையம். அதில் சங்கிலியின் ஒரு முனைக் கொண்டி. மறுமுனை கொத்தளத்துச் சக்கரத்தில். மிதப்பதற்கு நடுவே பனந்தடிகள். சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலி எழுந்து வாயை மூடும்; தளர்த்தினால் நம் தோணிகள் மேலே போகலாம்.

கப்பித்தான் லூயிஸ் பரேட்டு அதை மகளுக்குச் செய்த நகையைக் காட்டுவதுபோல் காட்டினார்.

"முழுக்க இழுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மாசி 19, சாம்பல் புதன்

பூசையில் பாதிரியாரின் பிரசங்கத்தைத் தமிழில் சொன்னேன். வருகிறவர்கள் நம் வேதத்தின் பகைவர்கள். அவர்களுக்கும் நமக்கும் பொதுவானது எதுவுமே இல்லை என்றார். சொன்னேன். பின்வரிசையிலிருந்து யாரோ, "கருவாடு கூடவா?" என்றார்கள். கோவில் முழுக்கச் சிரிப்பு. மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாதிரியார் கேட்டார். மனம் உருகுகிறார்கள் என்றேன்.

நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். கடைவாய்ப் பல் வலிக்கிறது. (நான்காவது தலைப்பு.)

மாசி 21, வெள்ளி

தங்கை கித்தேரி வீட்டில் மதியச் சாப்பாடு. பாறை மீன் குழம்பு, மிளகு தூக்கலாக. தவக்காலத்தில் இவ்வளவு ருசி பாவமா என்று பாதிரியாரிடம் கேட்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு.

அவள் கணவர் தொம்மந்திரையும் நானும் ஒரே பாயில், ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னோடு நேரே பேசுவதில்லை. கல்யாணமான மறுவருடத்திலிருந்தே இப்படித்தான். அவர் குளிகாரர், கடலடியில் சிப்பி அள்ளுகிற கை. நான் இறகுப் பேனா பிடிக்கிற கை. பேச என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம்.

"கித்தேரி, உங்கண்ணன்ட்ட கேளு, கப்பலு எத்தனையாம்?" என்றார்.

"கித்தேரி, சிலர் ஆறு என்கிறார்கள், சிலர் எட்டு என்கிறார்கள் என்று சொல்லம்மா" என்றேன்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேருக்கும் காது என்ன செவிடா? நடுவுல நான் எதுக்கு? அண்ணனுக்காவது துபாசி வேலைக்குக் கோட்டையில நெல்லு அளக்காவ. எனக்கு யாரு அளக்கா?"

இருவரும் குழம்பைப் பார்த்துக்கொண்டோம்.

பிறகு அவள் முக்கியமான சேதி ஒன்றைச் சொன்னாள். இந்த வருடம் அவர் முங்கப்போவதில்லையாம். கயிறு பிடிக்க ஆள் இல்லை. இதுவரை பிடித்தவன் எங்கள் தம்பி பவுலு. அவன் மன்னாரில் பெண் கட்டி அங்கேயே வீட்டோடு தங்கிவிட்டான்.

இந்தக் கடுதாசியை வெளியூரார் யாரேனும் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக: எங்கள் கரையில் முங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். அண்ணன் தம்பி பிடிப்பதில்லை, அப்பனும் பிடிப்பதில்லை. தன் தங்கை தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்ற கணக்கு. கயிறு பிடி என்று யாரையும் கேட்கவும் கூடாது. கேட்டு வாங்கிய கை நம்பிக்கையான கை அல்ல. மைத்துனனாகவே வெற்றிலையோடு வந்து நீட்டுவான். முங்குகிறவன் அதை வாங்கி மென்றால் கயிறு அவனுடையது.

கித்தேரிக்கு இங்கே வேறு உடன்பிறந்தவர் யாரும் இல்லை.

என்னைத் தவிர. ஆனால் அது இந்தக் குறிப்புக்கு வேண்டாதது.

மாசி 24, திங்கள்

கப்பித்தான் இன்று சங்கிலியை முதன்முறையாக முழுக்க இழுத்தார். சக்கரம் கிரீச்சிட்டது, பனந்தடிகள் எழுந்தன, எல்லோரும் கைதட்டினோம். அப்போது கோழிப்பாறைப் பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். கொண்டி வளையத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. பாறை முனையிலிருந்து பாதிச் சங்கிலி கடலடியில் கிடக்கிறது.

கைதட்டலை நான் கடைசியாக நிறுத்தினேன். கண்பார்வை குறைவு.

மற்றக் குளிகாரர்கள் தெற்கே சங்கு குளிக்கப் போயிருக்கிறார்கள். தொம்மந்திரையை அழைத்தார்கள்.

"கயிறு பிடிக்க ஆளு இல்ல. முங்க மாட்டேன்" என்றார். மாற்றிச் சொன்னேன்.

கப்பித்தான் சிரித்தார். கோட்டையில் ஆளுக்கா பஞ்சம் என்று சிப்பாய்த் தலைவனைக் காட்டினார். தூண்போல் கைகள், கதவுபோல் மார்பு.

தொம்மந்திரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இழுப்பாரு, சந்தேகமில்ல. ஆனா நான் செத்தா அவருக்கு என்ன போச்சு? என் பொஞ்சாதி அவரு தங்கச்சியா?"

இதை மாற்றிச் சொன்னேன். அவனுக்கும் ஊரில் ஒரு தங்கை இருக்கிறாள் என்றார் கப்பித்தான். இதையும் மாற்றிச் சொல்லவேண்டியதாயிற்று.

"இது கித்தேரி காதுல விழுந்தா சங்கிலியே வேண்டாம், அவளே நின்னு கப்பல மறிச்சிருவா" என்றார் தொம்மந்திரை.

இதை நான் மாற்றிச் சொல்லவில்லை. வழக்கம் அப்படி, ஐயா, என்று மட்டும் சொன்னேன். இத்தனை பெரிய போர் நடக்கும்போது வழக்கமா என்று கப்பித்தான் மேசையைக் குத்தினார்.

போகும்போது தொம்மந்திரை வாசலில் நின்று என்னை ஒரு நிமிடம் பார்த்தார். முகத்தில் மை ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

மாசி 25, செவ்வாய்

காலையில் கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். தேகப்பயிற்சி நல்லது என்று பழைய வைத்திய நூல்கள் சொல்கின்றன.

மாசி 26, புதன்

கித்தேரி வந்தாள். முற்றம் முழுக்கக் குடங்கள். பக்கத்து வீட்டுத் தொட்டியும், கோவில் தொட்டியும், ஆட்டுக்கு வைத்த பானையும் நிரம்பியிருந்தன.

"ஏண்ணே, ஊருல தீ பிடிச்சிருக்கா?"

"பயிற்சி."

"எதுக்கு?"

"உடம்புக்கு."

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளங்கள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். "ராட்டுல இழுக்காதீங்கண்ணே, அது தானா ஓடும். வெறுங்கையால இழுத்துப் பழகுங்க" என்றாள். உடம்புக்கு அதுதான் நல்லது என்ற பொருளில் சொல்லியிருப்பாள்.

மாசி 27, வியாழன்

எழுதக் கை கூடவில்லை. பல்வலிக்கு வெற்றிலை நல்லதென்று கேள்விப்பட்டுக் கொஞ்சம் வாங்கி மடியில் வைத்திருக்கிறேன்.

பங்குனி 1, ஞாயிறு

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. வெள்ளியன்று நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

உச்சிக்குச் சற்று முன் கொத்தளத்து மணி அடித்தது. வடகிழக்கில் பாய்கள். முதலாம் தலைப்பில் நம்பிக்கைக் குறைவாக எழுதியிருந்தேன். ஆறும் அல்ல, எட்டும் அல்ல, ஏழு. மதியம் கடற்காற்று எழுந்ததும் உள்ளே வந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே வந்தால் கரையில் இருக்கும் தோணிகள், கிடங்கு, கோவில், வீடுகள் ஒன்றும் மிஞ்சாது. சென்ற ஆண்டு பக்கத்துத் துறையில் அப்படித்தான் நடந்தது. அதற்கு முன் நம் கோட்டைக்காரர்கள் அவர்கள் துறையில் செய்ததும் அதுதான். இதைப் பாதிரியார் பிரசங்கத்தில் சேர்க்கவில்லை.

தொம்மந்திரையிடம் கடைசியாக ஒருமுறை பேசிப் பார் என்று கப்பித்தான் என்னை அனுப்பினார். அவர் கரையில் தன் தோணியில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கித்தேரி கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தாள். பெண்களெல்லாம் உள்நாட்டுப் பக்கம் ஓடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் எதிரே நின்றேன். வழியெல்லாம் மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன், மூன்றும் மறந்துபோயின. பல் வலித்தது. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தேன். அவர் எதிரே நிற்கும்போது நான் மட்டும் மெல்லுவது மரியாதையல்ல என்பதால் அவரிடம் நீட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

அவர் வெற்றிலையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கொப்புளங்களைப் பார்த்தார். வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"கித்தேரி! அந்த முங்குகயித்த எடு" என்றார்.

கித்தேரி கூடையைக் கீழே போட்டாள். கோழிகள் நாலாபக்கமும் ஓடின.

சின்ன வள்ளத்தில் போனோம். தண்டு வலிக்க இருவர், அவர், நான். கோழிப்பாறையருகே நிறுத்தினோம். அவர் இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டு, மறுமுனையை என்னிடம் கொடுத்து, ஆழத்துக்கு இறக்கும் கல்லைக் காலில் மாட்டினார். கித்தேரி மூலமாக அல்லாமல் நேரே என்னிடம் சொன்னார்: "கயித்த ஒரு வெட்டு வெட்டுனா இழுத்துரும். அதுக்கு முன்ன இழுக்காதேயும். வேற ஒண்ணும் யோசியாதேயும்."

முங்கிவிட்டார். கயிறு என் கைக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அவர் தலை மறைந்ததும் மறுமுனையை என் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இது வழக்கத்தில் இல்லாதது, செய்யக்கூடாதது. கயிறு பிடிப்பவன் தளையில்லாமல் நிற்கவேண்டும். ஆனால் வழக்கத்தை வகுத்தவர்கள் என் கைகளைப் பார்த்ததில்லை.

அப்போது முதல் கப்பல் சுட்டது. குண்டு எங்களுக்கு முன்னால் விழுந்து தண்ணீர் பனைமர உயரம் எழும்பியது. தண்டு வலிக்கிறவர்கள் குப்புறப் படுத்தார்கள். நானும் படுக்கத்தான் விரும்பினேன். கயிறு வெட்டினால் படுத்துக்கொண்டு இழுக்க முடியாதே என்பதால் நின்றேன்.

இரண்டாவது குண்டு வரவில்லை. மாறாக ஒரு குரல் வந்தது. முதல் கப்பலின் முகப்பில் பச்சைத் தலைப்பாகையோடு ஒருவர் நின்று இரு கைகளையும் ஆட்டிக் கத்தினார். நம் கரைத் தமிழ்.

"சுடாதிய! சுடாதிய! கயிறு கெடக்கு! ஆளு அடியில கெடக்கான்!"

அந்தக் கப்பலின் தலைவர் வேறேதோ மொழியில் திட்டினார். பச்சைத் தலைப்பாகைக்காரர் திரும்பி அந்த மொழியில் வேகவேகமாக விளக்கினார். தலைவர் பாய்மரத்தைக் குத்தினார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு சொல் விடாமல் புரிந்தது. திங்களன்று நானும் அந்த இடத்தில்தான் நின்றேன்.

ஏழு கப்பல்களும் பாயைத் தளர்த்தி நின்றன. அவர்களுடைய கரையிலும் முத்துக் குளிக்கிறார்கள். கயிறு தண்ணீரில் கிடக்கும்போது பகை பாராட்டமாட்டார்கள். நாங்களும் அப்படித்தான்.

கயிறு வெட்டியது. இழுத்தேன். இரண்டு கை இழுத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து எங்கள் கொத்தளத்துப் பீரங்கி வெடித்தது. கப்பித்தானுக்குக் கயிற்றைப் பற்றி என்ன தெரியும்? குண்டு பகைவர்மேல் விழவில்லை. எங்கள் வள்ளத்துக்கு மிக அருகில் விழுந்தது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கடலில் இருந்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. பரவர் குலத்தில் பிறந்து நீந்தத் தெரியாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தண்ணீருக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஜெபங்களை முறையாகச் சொல்லத் தொடங்கினேன், முதல் ஜெபத்திலிருந்து.

தண்டுக்காரர்கள் என் அங்கியைப் பிடித்து மேலே இழுத்தார்கள். என் இடுப்போடு கயிறு வந்தது. கயிற்றோடு தொம்மந்திரை வந்தார். வெறும் கையில் பிடித்திருந்தால் கயிறு கடலோடு போயிருக்கும்.

அவர் மூச்சு வாங்கிவிட்டு, "கொண்டி மாட்டியாச்சு. சுத்தச் சொல்லு!" என்று கரைக்குக் கத்தினார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"இத எதுக்குவே இங்க கட்டுனீரு?"

"கை விட்டுருமோன்னு."

அவர் நனைந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்புத்தண்ணீர் கண்ணில் எரிந்திருக்கும், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சக்கரம் சுற்றியது. சங்கிலி எழுந்தது, நின்றது. இரண்டாவது தலைப்பு இவ்வளவில் முடிந்தது.

முதல் கப்பல் பனந்தடிகளில் மோதிப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. எங்கள் வள்ளம் சங்கிலிக்கு இந்தப்புறம், அவர்கள் அந்தப்புறம். பச்சைத் தலைப்பாகைக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஓய் பெரியவரே! அந்தாளுக்கு நீரு மச்சானா?"

"ஆமா" என்றேன்.

"மூத்த மச்சானா, எளைய மச்சானா?"

"மூத்தவன்."

"நல்லாரும். முடிச்ச மட்டும் மாத்தும்!"

"அதத்தாம்வே நானும் சொல்லுதேன்!" என்றார் தொம்மந்திரை.

"உம்ம கப்பித்தான்ட்டயும் சொல்லும்! கயிறு கெடக்கும்போது சுடுதானே, அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லியா?"

மறுநாள் விடியலில் கரைக்காற்றோடு ஏழு கப்பல்களும் போய்விட்டன.

இன்று பூசையில் பாதிரியார் நன்றிப் பிரசங்கம் செய்தார். அவர்களுக்கும் நமக்கும் பொதுவானது எதுவும் இல்லை என்ற வாக்கியம் மீண்டும் வந்தது. அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் நின்றபோது அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருந்தார். (நான்காவது தலைப்பு.)

பங்குனி 9, திங்கள்

பல்வலி இல்லை. வெற்றிலை நல்ல மருந்து.

சித்திரை 6, பாஸ்குத் திருநாள்

தவக்காலம் முடிந்து கித்தேரி வீட்டில் விருந்து. ஓடிய கோழிகளில் ஒன்று இலையில் இருந்தது. எல்லாவற்றையும் பிடித்துவிட்டதாகவும், இதைப் பிடிக்கத்தான் கோட்டை மதில்வரை ஓடியதாகவும் சொன்னாள்.

தொம்மந்திரையும் நானும் அதே பாயில். அவர் பழக்கத்தில், "கித்தேரி, உங்கண்ணன்ட்ட..." என்று தொடங்கினார்.

"அந்தா இருக்காக. நீங்களே கேளுங்க" என்று அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவர் கோழிக்கால் ஒன்றை முழுவதும் தின்று முடிக்கும்வரை யோசித்தார்.

"நாளைக்குக் குளிப்பு தொடங்குது" என்றார்.

"தெரியும்."

"வெள்ளென வந்துரும். இந்த வருசமாச்சும் முன்னால போவணும்."

இந்த இடத்தில் என் ஆராய்ச்சியை அவரிடமே உறுதிசெய்துகொள்ளலாம் என்று தோன்றியது. "கரைக்காற்று நிலைகொள்ள வேண்டாமா? முதல் நாள் எப்போதும் காற்றுக்காகத்தானே நின்று கிளம்புவீர்?"

"காத்தா?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "காத்து வெள்ளி முளைக்கையிலேயே அடிக்கும்வே. மத்தவனெல்லாம் எதுல போறான்?"

"பின்னே எதற்காக நிற்பீர்?"

அவர் இலையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மூத்த மச்சான் இருக்கையில எளையவன் கையில கயித்தக் குடுக்குறது மொற இல்ல. கேக்கவும் கூடாது. மொத நாளு கொஞ்சம் நின்னு பாப்பேன். உம்ம கோட்டச் சன்னலு கரையிலேருந்து தெரியும். நீரும் அங்கேருந்து பாத்துட்டுத்தாம்வே நிப்பீரு. வரமாட்டீரு. பெரிய படிப்புப் படிச்ச ஆளு, கயித்தத் தொட மனசு வரலையாக்கும்னு பவுல ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

எலும்பு தொண்டையில் சிக்கிவிட்டது. கித்தேரி ஓடிவந்து முதுகில் தட்டி, தண்ணீர் கொடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணிலும் அடுப்புப் புகை.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் தலைப்பு ஏறக்குறைய சரி. இரண்டாவது, ஒரு திருத்தத்துடன் சரி. நான்காவது திருப்திகரம், கொப்புளங்கள் காய்த்துவிட்டன.

மூன்றாவது தவறு. முரல்துறையில் கரைக்காற்று நேரத்துக்கே எழுகிறது. அந்தத் தோணி காற்றுக்காக நிற்கவில்லை.

வெற்றிலை வாங்கி வைத்திருக்கிறேன். நாளை வெள்ளென எழவேண்டும்.